அண்ணன் படித்த ஒரே புத்தகம்

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு 'வேண்டும்' என்று சொல்ல வராது. பசித்த வயிற்றோடு ஒரம்பரை, அதாவது உறவுக்காரர், வீட்டுக்குப் போவோம். சாப்பிடக் கூப்பிட்டால், "இப்பத்தானுங்க சாப்பிட்டு வந்தோம்" என்போம். இரண்டாம் முறை கூப்பிட்டால், "அட, எதுக்குங்க சிரமம்" என்போம். மூன்றாம் முறை கூப்பிட்டதும் போய் உட்கார்ந்து, ரசத்துக்கு ஒருதரம் மோருக்கு ஒருதரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். கூப்பிடுகிறவருக்கும் இந்தக் கணக்கு தெரியும், போகிறவருக்கும் தெரியும். (மூன்றாம் முறை கூப்பிட மறந்த ஒரு வீட்டோடு எங்கள் குடும்பத்துக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை குறைவு.) இந்தக் கணக்கில் நான் ஒரே ஒரு தடவை பிசகினேன். அதில் எனக்கு வரவேண்டிய மாப்பிள்ளை கைநழுவப் பார்த்தார். என் அண்ணன் கொலையுண்டான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் வீடு துடியலூரில். வீட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் மோட்டார் பம்ப் பட்டறை. நான் டிகிரி முடித்துவிட்டு, பட்டறை சத்தத்துக்கு நடுவில் வார இதழ் படித்துக்கொண்டு, வரன் வருவதற்காக வளர்ந்துகொண்டிருந்தேன். வந்தது. கோபிசெட்டிபாளையத்துப் பையன், பெயர் ரவி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தார். பெண் பார்த்த அன்று காபி கொடுக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலுறையைத்தான் பார்த்தேன். வலது பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அமெரிக்காவிலும் காலுறை கிழிகிறது என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஜாதகம் பொருந்திவிட்டது. "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்று அவர்கள் எழுந்தபோது, ரவி மட்டும் பொண்ணோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றார். அப்பா முகம் இறுகியது.

"தனியா பேசறதெல்லாம் நம்ம ஊட்ல பழக்கமில்லீங்க தம்பி."

"தனியா வேண்டாமுங்க மாமா. ஞாயித்துக்கிழமையில வந்து எல்லாருமாச் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடலாமுங்க. நடு ஹால்ல, கதவைத் தொறந்து வெச்சுப்போட்டே."

"காசு வெச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஜெயிச்சா என்ன கெடைக்கும்?"

"இதுல யாரும் ஜெயிக்கறதில்லீங்க மாமா."

அப்பா அவரை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்துவிட்டு, சரி என்றார்.

அடுத்த ஞாயிறு ரவி, தன் சித்தப்பா மகன் தினேஷைக் கூட்டிக்கொண்டு வந்தார். தினேஷ் கோயமுத்தூரில்தான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் தரப்பில் நானும் என் அண்ணன் பிரகாஷும். ரவியின் பையிலிருந்து தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகமும், இருபது முகம் கொண்ட ஒரு பச்சைப் பகடையும் வெளியே வந்தன. ஆட்டம் இதுதான்: ஆளுக்கொரு கற்பனை மனிதரை எடுத்துக்கொள்ள வேண்டும். ரவி நடுவர். அவர் ஒரு கதை சொல்லுவார். குகை என்பார், பூதம் என்பார். நம் ஆள் என்ன செய்கிறார் என்று நாம் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஒவ்வொரு ஆளுக்கும் பலம், புத்தி, சுறுசுறுப்பு என்று எண்கள் உண்டு. பதினெட்டுதான் உச்சம். அதற்குமேல் எவனுக்கும் ஏறாது.

நான் வீராயி என்ற வாள்காரி. என் பலம் ஒன்பது. (வாளைத் தூக்கினால் வாள்தான் என்னைத் தூக்கும் என்கிற நிலை.) அண்ணன் தன் ஆளுக்கு 'இரும்புராசா' என்று பெயர் வைத்தான். எண்களுக்காக உருட்ட வேண்டிய பகடையை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போனான். திரும்பி வந்து, "பதினெட்டு உழுந்துச்சு" என்றான். யாரும் சாட்சி கேட்கவில்லை, ஒரம்பரை முன்னால் அதெல்லாம் கேட்கக் கூடாது. தினேஷ் மந்திரவாதி.

அம்மா சமையலறைத் திரைக்குப் பின்னால் நிலைகொண்டாள். முந்தின நாள் இரவே எனக்குப் பாடம் நடந்திருந்தது. "முந்திரிக்கொட்டையாட்டம் முந்தக்கூடாது கண்ணு. அவங்க எதை நீட்டினாலும் மொதல்ல வேண்டாமுங்கன்னு சொல்லோணும். அலையற பொண்ணுன்னு பேரு வந்துரக்கூடாது."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது முதல் பூதம் வந்தபோதுதான். பச்சை நிறம், கோரைப் பல், கையில் கோடரி. நாங்கள் மூவரும் திகிலோடு காத்திருந்தோம். ரவி குரலைக் கனமாக்கிக்கொண்டு பூதமாகப் பேசினார்: "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? சிரமம் பாக்காதீங்க, உங்க மூணு பேரையும் தின்னுக்கலாமுங்களா?" நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பொத்திய கையையும் மீறிச் சிரித்தேன். கடைசியில் புரையேறி அம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள். அன்று சாயங்காலம் அவர்கள் போன பிறகு, எனக்கு இந்த மனிதர் வேண்டும் என்று தோன்றியது. சத்தமாகச் சொல்லத்தான் ஊர் வழக்கம் இடம் கொடுக்கவில்லை.

அந்த முதல் ஞாயிறு முழுக்க ரவி எனக்கு மந்திரக் கஷாயம் கொடுத்துக்கொண்டே இருந்தார். வழியில் குப்பி கிடக்கும், வீராயி குடிப்பாள், ஒரு மணி நேரத்துக்குப் பலம் ஏறும், பிறகு இறங்கிவிடும். குப்பி வந்தபோதெல்லாம் நான் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கஷாயம் மருந்து, மருந்துக்கு உபசாரம் கிடையாது என்பது என் கட்சி. திரைக்குப் பின்னாலிருந்தும் ஆட்சேபம் வரவில்லை.

இரண்டாம் ஞாயிறுதான் அந்தப் புத்தகம் வந்தது. குகையின் கடைசியில் ஒரு கல்பெட்டி, அதற்குள் ஒரு தோல் அட்டைப் புத்தகம் என்றார் ரவி. அதை ஒருவர் ஒரு வாரம் இடைவிடாமல் படித்து முடித்தால் அவருடைய பலம் ஒரு எண் கூடும். கஷாயம் மாதிரி இறங்காது, அவர் ஆயுசுக்கும் நிற்கும். படித்து முடித்ததும் எழுத்தெல்லாம் அழிந்து வெறும் காகிதமாகிவிடும். ஆகவே ஒரே ஒருவருக்குத்தான் கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் படித்தவருக்கு வீண், ஆனால் புத்தகம் கெடாது, வேறொருவர் முதலிலிருந்து தொடங்கலாம். இவ்வளவையும் விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வக்கீல் மாதிரி விளக்கிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"நீங்க எடுத்துக்கறீங்களா? ஒருக்கா படிச்சா அப்பறம் மாத்த முடியாதுங்க."

திரை அசைந்தது. "வேண்டாமுங்க" என்றேன்.

தினேஷ் முன்னால் சாய்ந்தான். "எடுத்துக்கங்க. உங்களுக்குத்தான் பலம் கம்மி."

"அட, பரவால்லீங்க" என்றேன்.

ரவி மறுபடி, கொஞ்சம் மெதுவாக, "நெசமாலுமே வேண்டாமுங்களா?" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் கவிழ்ந்தேன். என் கணக்குப்படி இது இரண்டாம் அழைப்பு. தினேஷ் இடையில் புகுந்து சொன்னது உபரி, அதை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? மூன்றாவது இன்னும் பாக்கி இருக்கிறது. அதனால் கொசுறாகக் கொஞ்சம் பண்பையும் சேர்த்துப் பரிமாறினேன். "வேண்டாமுங்க. அண்ணனுக்குக் குடுத்துருங்க."

சொல்லிவிட்டு, மூன்றாம் அழைப்புக்கு முகத்தைத் தயார் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கம் பாதி, சம்மதம் பாதி. கண்ணாடி முன்னால் பழகிய முகம் அது.

"சரிங்க" என்றார் ரவி. புத்தகம் அண்ணனுக்குப் போய்விட்டது.

அண்ணன் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பாடப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தவன் இல்லை. அன்று இரும்புராசா குகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். நானும் தினேஷும் வெளியே பூதங்களோடு மல்லுக்கட்ட, அண்ணன் அம்மா சுட்டு வைத்த கச்சாயப் பலகாரத்தை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, "சத்தம் போடாதீங்க, இங்க ஒருத்தன் படிச்சுட்டிருக்கறான்" என்று அதட்டினான். அம்மா திரைக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகன் படிக்கிறான் என்று கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

ரவி அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார். பூதங்கள் கடைசியில் 'ஏனுங்க' கூடப் போடாமல் பேசின.

போகும்போது அம்மா ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் கொடுத்தனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை தினேஷ் அந்தப் போசியைத் திருப்பித் தர வந்தான். அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் யாரும் வெறும் போசி திருப்பித் தர மாட்டார்கள், இரண்டு வாழைப்பழமாவது போடுவார்கள். அம்மா மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அடுத்த அடி வாசலில் விழுந்தது. முதல் ஞாயிற்றிலிருந்து என்னைக் குசுகுசுவென்று 'அண்ணி' என்று கூப்பிட்டு வந்த தினேஷ், "அப்ப வாரேனுங்க அக்கா" என்றான்.

"என்ன தினேஷ், இன்னைக்கு அக்கா?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்கதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்களே."

"நான் எங்க சொன்னேன்?"

"அந்தப் புத்தகம் ரவி அண்ணன் உங்களுக்குன்னே வெச்சதுங்க. நேரா கேக்க முடியாதுன்னு அப்படிக் கேட்டாரு. ஒருக்கா எடுத்தா ஆயுசுக்கும் நிக்கும், மாத்த முடியாதுன்னு அத்தனை தடவை சொன்னாரே, எதுக்குன்னு நெனைச்சீங்க? ஒரு மணி நேரத்துல எறங்கிப்போற கஷாயத்தையெல்லாம் கேக்காமயே குடிச்சீங்க. ஆயுசுக்கும் நிக்கறதை மட்டும் மூணு தடவை வேண்டாம்னீங்க."

"ரெண்டு தடவைதான்!"

"நான் கேட்டதும் சேத்தி மூணுங்க. அதுகூடப் பரவால்லை. பதினெட்டு பலம் இருக்கறவருக்குக் குடுக்கச் சொன்னீங்க பாருங்க. அவருக்கு அதுக்குமேல ஏறாதுங்க. யாருக்கும் ஆகாமப் போனாலும் போகட்டும், எனக்கு வேண்டாம்னு சொன்னாப்பல ஆயிருச்சு."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். (உண்மையாகவே பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான், வார இதழ்க் கதைகளில் வரும் பெண்கள் நடிப்பதில்லை என்று புரிந்தது.) நாளைக்கு ரவியின் அப்பா, அம்மா, பெரிய மாமா மூவரும் நேரில் வருகிறார்கள் என்றான் தினேஷ். பையன் ரெண்டு வருசம் போகட்டும் என்கிறான் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போவதற்காக. வேண்டாம் என்பதையும் நேரில் வந்து, பழத்தோடு சொல்கிற ஊர் இது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நேந்திரம்பழச் சீப்போடு வந்தார்கள். பெரியவர்கள் சோபாவில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் பேச்சை ஆரம்பித்தார்கள். உண்மையான விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் மழையும் மஞ்சளும் வந்தாக வேண்டும். ரவி என் முகத்தைப் பார்க்காமல், "ஆரம்பிச்ச ஆட்டத்தைப் பாதியில உட வேண்டாமுங்க, முடிச்சுப்போடலாம்" என்றார். அதே ஹாலில், பாயில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். மழை முடிவதற்குள் நான் புத்தகத்தை வாங்கியாக வேண்டும்.

"அண்ணா, அந்தப் புத்தகத்தை எனக்குக் குடுத்துரு."

"போடி. இன்னும் ஒரு நாள் படிச்சா முடிஞ்சுரும்" என்றான் அண்ணன்.

"உனக்குத்தான் அது ஏறாதே!"

"ஏறாட்டிப் போகட்டும். ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சேன்னு இருக்கட்டும்."

நான் நடுவரைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க."

ரவி விதிப் புத்தகத்தையே பார்த்தார். "படிக்கறவர் கையில இருக்கறதை நடுவர் புடுங்கக் கூடாதுங்க. விதி அப்படி." விதி என்று வந்துவிட்டால் அவர் இம்மி நகர மாட்டார். முதல் ஞாயிறன்று அண்ணன் பாய் ஓரத்தில் சாய்ந்து நின்ற பகடையைப் பன்னிரண்டு என்று சாதித்தபோது, திரும்ப உருட்ட வைத்தவர்.

சோபாவில் மழை முடிந்து மஞ்சளும் முடியும் தறுவாய். பெரிய மாமா தொண்டையைச் செருமினார். "அப்பறமுங்க, நாங்க வந்த விசயம் என்னன்னா…"

நான் எழுந்து நின்றேன். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனை அடக்கத்தையும் திரட்டி, குரலில் மரியாதை குறையாமல், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"எங்கண்ணன் தூங்கறப்ப வெட்டிப்போட்டு, அவன் கையில இருக்கறதை நான் எடுத்துக்கறேனுங்க!"

பட்டறையில்கூட அந்த நேரம் பார்த்து மோட்டார் நின்றிருந்தது. உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து, வெகுநேரம் சுற்றி, அடங்கியது. ரவியின் அம்மா காபி டம்ளரை உதட்டருகே வைத்தபடி அப்படியே இருந்தார். ரவியின் அப்பா என் அப்பாவிடம் குனிந்து, மிகுந்த நாசூக்கோடு கேட்டார்.

"ஏனுங்க, தோட்டத்துல பங்கு பிரிக்கறதுல ஏதாச்சும் சிக்கலுங்களா?"

"எந்தத் தோட்டமுங்க?" என்றார் அப்பா. வேர்த்துவிட்டது அவருக்கு. "இருக்கறதே பட்டறை ஒண்ணுதானுங்க."

"பட்டறையா இருந்தாலும் பெரியவங்களை வெச்சுப் பேசித் தீத்துக்கலாமுங்க" என்றார் பெரிய மாமா. "வெட்டறதெல்லாம் எதுக்குங்க. அம்மணி, உக்காரு கண்ணு."

உட்கார்ந்தால் எல்லாம் முடிந்துவிடும். நான் பாயில் கிடந்த பச்சைப் பகடையை எடுத்து உருட்டினேன். வீசிய வேகத்தில் அது பாயைத் தாண்டி, தரையில் துள்ளி, சோபாவுக்கு அடியில் போய், ரவியின் அம்மாவின் பாதத்தில் இடித்து நின்றது.

"பதினெட்டு உழுகோணும்!" என்று கத்தினான் தினேஷ். ஒன்பது பலம் பதினெட்டு பலத்தை வெட்டுவதென்றால் பகடையில் பதினெட்டுக்குக் குறையக் கூடாது.

"அத்தை, நகத்தாதீங்க!" என்றேன் நான். ஆம், அத்தை என்றேன். இன்னும் உறவே முடிவாகாத, வேண்டாம் என்று சொல்ல வந்த ஒரு அம்மாவை, கொலை முயற்சிக்கு நடுவில் அத்தை என்று கூப்பிட்டேன். "மேல என்ன இருக்குதுங்க? பாத்துச் சொல்லுங்க!"

பாவம், அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"மூணுங்க" என்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, "மூணு நல்லதுதானுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் கைதட்டினான். தினேஷ் தலையில் கை வைத்தான். மூன்று என்றால் வாள் கைதவறி என் காலிலேயே விழும், விதி அப்படி. நான் ரவியைப் பார்த்தேன். அவர் அன்றைக்கு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையணை கனத்து விதிப் புத்தகத்தை மூடி, பாய்க்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்தார்.

"மூணு போதுமுங்க" என்றார்.

"அதெப்படி?" என்று எகிறினான் தினேஷ்.

"நானென்ன மூணுக்கெல்லாம் சாகறதா?" என்றான் அண்ணன். "பதினெட்டு பலமுங்க எனக்கு!"

"செத்துட்டீங்க மச்சான்" என்றார் ரவி. என் பக்கம் திரும்பினார். "புத்தகம் உங்க கையில இருக்குதுங்க. படிக்கறீங்களா? ஒருக்கா படிச்சா மாத்த முடியாது."

திரை அசைந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"படிக்கறேனுங்க" என்றேன், முதல் அழைப்பிலேயே.

மச்சான் என்ற சொல்லை ரவியின் அம்மாதான் முதலில் பிடித்தார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேந்திரம்பழச் சீப்பைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதற்காகக் கொண்டுவந்த பழத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "பெரிய மாமா சொல்ல வந்தது என்னன்னா, வைகாசியில வெச்சுக்கலாமுங்களான்னு" என்றார். பெரிய மாமா தலையை ஆட்டி வைத்தார். நாற்பது வருடம் பஞ்சாயத்துப் பேசிய மனுஷன், அன்று அவர் வந்த விஷயத்தை அவருக்கே வேறொருவர் சொல்லவேண்டி வந்தது.

அண்ணன், "நான் செத்துட்டேனுங்க, எனக்கொரு காபி குடுங்க" என்று உள்ளே போனான். அந்தப் புத்தகத்தை அவன் கடைசிவரை முடிக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு புத்தகமும் தொடவில்லை.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. சொத்துத் தகராறு என்ற பேச்சு கோபியில் அடங்கச் சில வருடம் ஆனது. பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த என் மாமனார் வீட்டுப் பெரியவர்கள், அவன் தோளைத் தட்டி, "ஜாக்கிரதையா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் அமெரிக்காவில் சில காலம் இருந்துவிட்டு கோபிக்கே திரும்பிவிட்டோம். என் கணவர் இன்றும் விதி என்றால் விதிதான், சிவப்பு விளக்கில் யாருமில்லாத ரோட்டிலும் நிற்பவர். ஆனால் என் தோசை கருகினாலும், நான் காரைப் பின்னால் எடுத்துத் தென்னையில் இடித்தாலும், ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணு போதுமுங்க" என்பார். வீராயிக்குப் பலம் பத்தானது இன்னும் இறங்கவில்லை.

என் அண்ணன்தான் பாவம். எங்கள் வீட்டுக்கு வந்தால், வயிறு முட்டச் சாப்பிட்டாலும் அவனுக்குப் படுக்க விதியில்லை. போன மாதம் வந்தபோது கட்டிலில் போய்ச் சாய்ந்தான். இத்தனை வருடத்திலும் சிரிக்காமல் அந்தப் பழைய கேலியைச் சொல்லும் வித்தை தெரிந்த என் மாமியார், நாற்காலியைக் கட்டில் ஓரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பயமில்லாமத் தூங்குங்க தம்பி. அம்மணி ஊட்டுக்குள்ளதான் இருக்குது, நான் முழிச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

நான் அரிவாள்மனையில் வாழைப்பூ அரிந்துகொண்டிருந்தேன். "உங்களுக்கு எதுக்குங்க அத்தை சிரமம்? நீங்க போய்ப் படுங்க, அண்ணனை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டான்.